ரேடியோ முந்திக்கொண்டது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் எங்கள் வீட்டில் கால்பந்தை டிவியில் பார்த்துக்கொண்டே ரேடியோவில் கேட்போம். அப்பாவின் ஏற்பாடு அது. டிவியின் சத்தத்தை அடக்கிவிட்டு, பக்கத்து ஸ்டூலில் பழைய ரேடியோவை வைத்து, உகோஸி எஃப்எம்மின் ஜூலு வர்ணனையைத் திருப்பிவிடுவார். முப்பது வருஷத்துக்கு மேல் துணி ஆலையில் ஜூலுக்காரர்களோடு ஒன்றாக நின்று வேலை செய்தவர். ஆங்கில வர்ணனை அவருக்கு ஆஸ்பத்திரிக் கஞ்சி. ஜூலுவில் கேட்டால்தான் ஆட்டத்துக்கு உப்பும் உறைப்பும் வரும் என்பார்.

இதில் ஒரே சங்கடம், டிஷ் வழியாக வரும் படம் ரேடியோவுக்குச் சில வினாடிகள் பின்தங்கி வரும். 2025 மார்ச் 25, செவ்வாய்க்கிழமை. ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரில் பெனினுக்கு எதிராக எங்கள் நாட்டு அணியின் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். இடைவேளை முடிந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும். டிவியில் இன்னும் ஒன்றுமே நடக்கவில்லை. ரேடியோவில் "லடூமா!" என்று ஒரு கத்தல், அதோடு ஒரு நீண்ட ஊளை. அப்பா இரண்டு கையையும் தூக்கிவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன், டிவியைப் பார்க்கிறேன். கோல் விழுந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரியும். கோல் அடிக்கப்போகும் எங்கள் லைல் ஃபாஸ்டருக்கு மட்டும் இன்னும் தெரியாது. அந்த இரண்டு மூன்று வினாடிகளில் ஒரு சுகம் இருக்கிறது பாருங்கள், அதை எந்த மைதானத்துச் சீட்டிலும் உட்கார்ந்து வாங்க முடியாது.

லடூமா என்றால் ஜூலுவில் 'இடித்தது' என்று பொருள். வானம் இடிப்பதைச் சொல்லும் சொல். இந்த நாட்டில் கோல் விழுந்தால் எல்லா மொழிக்காரர்களும் கத்துவது அதைத்தான்.

ஆட்டம் முடியும் தறுவாயில் ஜேடன் ஆடம்ஸ் இன்னொன்று போட்டார். 2-0. அப்பா ரேடியோவை அணைத்துவிட்டு, "பாப்பா, இது நல்லா இருந்துச்சு" என்றார். அவர் வழக்கமாக ஆங்கிலத்தில்தான் பேசுவார். மனசு இளகினாலோ டென்ஷன் ஏறினாலோ மட்டும் தமிழ் வரும். 'நல்லா இருந்துச்சு' என்பது அவர் அகராதியில் பெரிய பாராட்டு. மாண்டேலா விடுதலையான அன்றைக்கும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாராம்.

உண்மையில் ஆட்டம் அவ்வளவு நன்றாக இல்லை. அழகான ஆட்டம் தேடுகிறவர்கள் பாதியில் எழுந்து போயிருப்பார்கள். ஆனால் நான் அதைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போனபோது, பல வருஷங்களாக இல்லாத ஒரு நிம்மதி இருந்தது. ஏன் என்று அப்போது புரியவில்லை. உலகக் கோப்பைக்கான குலுக்கல் முடிந்து, ஊரே அதைப் பற்றிப் பேசும் இந்த 2025 டிசம்பரில் கொஞ்சம் புரிகிறது.

எங்கள் தேசிய அணிக்குப் பெயர் பஃபானா பஃபானா. 'பையன்கள், பையன்கள்' என்று அர்த்தம். நம்ம ஊர்த் தமிழில் சொன்னால் 'பசங்க பசங்க'. இந்தப் பசங்களைப் பற்றி ஆயா ஒரு பழமொழி வைத்திருந்தார்: தன்னூருக்கு யானை, அயலூருக்குப் பூனை. அது அவர்களுக்கென்றே செய்த பழமொழி. 1996-இல் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றோம், நம்ம ஊரில். 2010 உலகக் கோப்பையில் பிரான்ஸைத் தோற்கடித்தோம், அதுவும் நம்ம ஊரில். வெளியே போனால் கதை வேறு.

அந்தக் கதைக்கு ஆரம்பமும் அப்படித்தான். 1961-இல் ஃபிஃபா தென்னாப்பிரிக்காவை இடைநீக்கம் செய்தது. 1976-இல், சொவேட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் சுடப்பட்ட அந்த வருஷத்தில், மொத்தமாகவே வெளியேற்றியது. நிறவெறிக்குக் கிடைத்த சரியான தண்டனைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வெள்ளைக்காரர்கள் மட்டும் ஆடும் ஓர் அணியை நாட்டின் அணி என்று யார் ஒப்புக்கொள்வது? தடை நீங்கி 1992 ஜூலை 7 அன்று முதல் ஆட்டம், இங்கேதான், டர்பன் கிங்ஸ் பார்க்கில். கேமரூனை 1-0 என்று வென்றோம். டாக்டர் குமாலோ போட்ட பெனால்டி. அப்பா அங்கே இருந்தார். பள்ளியில் எனக்குத் தேர்வு இருந்ததால் கூட்டிப் போகவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் தீரவில்லை.

அதற்கு அடுத்த மாதம் ஹராரேக்குப் போனார்கள். ஜிம்பாப்வே 4-1 என்று துவைத்தது. அக்டோபரில் லாகோஸுக்குப் போனார்கள். நைஜீரியா 4-0. வெளியூர் என்றால் என்ன என்பதே மறந்துபோன ஒரு நாடு. முப்பது வருஷம் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளை தெருவுக்கு வந்தால் முதல் நாள் அடிதான் விழும்.

ஆனால் எனக்கு வெளியூர்த் தோல்வியைவிட வெளியூர் வெற்றியின் மேல்தான் சந்தேகம் அதிகம். 2019 ஜூலை 6 ஞாபகம் இருக்கிறதா? கெய்ரோ. ஆப்பிரிக்கக் கோப்பையை நடத்தும் நாடு எகிப்து. அரங்கம் முழுக்கச் சிவப்பு, எதிரே முகமது சலா. குழு ஆட்டங்களில் நாம் போட்டது மொத்தமே ஒரு கோல். மூன்றாம் இடம் பிடித்தவர்களில் தேறியவர்கள் என்ற கணக்கில்தான் உள்ளே நுழைந்திருந்தோம். 85-ஆவது நிமிடம் தெம்பின்கோசி லோர்ச் அடித்தார். 1-0. கெய்ரோ அடங்கிப்போனது. எங்கள் தெருவில் கார் ஹார்ன்கள் நள்ளிரவு வரை ஓயவில்லை. பக்கத்து வீட்டு ஜூலு நண்பர் வேலி தாண்டி வந்து அப்பாவைத் தூக்கிவிட்டார். அப்பாவின் இடுப்பு அப்புறம் ஒரு வாரம் சரியாகவில்லை.

நான்கு நாள் கழித்து நைஜீரியாவிடம் 2-1 என்று தோற்றோம். அதுகூடப் போகட்டும். 2021 மார்ச்சில் சூடானிடம் 2-0 என்று தோற்று, அடுத்த ஆப்பிரிக்கக் கோப்பைக்கே தகுதி பெறவில்லை. அதே ஆண்டு நவம்பரில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில், கானாவில் ஒரு டிரா போதும் என்ற நிலையில் போய், ஒரு பெனால்டியில் 1-0 என்று தோற்றோம். அந்தப் பெனால்டியைப் பற்றி இன்றைக்கும் எங்கள் வீட்டில் பேசக் கூடாது, அப்பாவின் இரத்த அழுத்தத்துக்கு ஆகாது. புள்ளியும் சமம், கோல் வித்தியாசமும் சமம், போட்ட கோல் எண்ணிக்கையில் கானா முன்னே போய்விட்டது.

ஆக, கெய்ரோ என்ன நம்பிக்கை கொடுத்தது? ஒன்றுமில்லை. மின்னலைப் பார்த்துவிட்டு மழை வரும் என்று துணியை எடுத்து உள்ளே போட்டோம், அவ்வளவுதான். பெரிய அணியைப் பெரிய அரங்கத்தில் வீழ்த்துவது அன்றைக்கு உடம்பில் ஓடும் வேகத்தில் நடந்துவிடும். யாரும் வேடிக்கை பார்க்காத ஒரு செவ்வாய்க்கிழமை, வெக்கையில், தோற்றால் திட்டும் வென்றால் தோள்குலுக்கலும் மட்டுமே கிடைக்கும் ஓர் ஆட்டத்தை நிதானமாக வெல்வது வேறு வித்தை. கெய்ரோவில் ஜெயித்தது தைரியம். அபிஜானில் ஜெயித்தது பழக்கம். எனக்குப் பழக்கத்தின் மேல்தான் நம்பிக்கை.

இடையில் பெல்ஜியத்துக் கிழவர் ஹியூகோ ப்ரோஸ் 2021-இல் பயிற்சியாளராக வந்திருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. பேட்டிகளில் அவர் வாய் சும்மா இருக்காது, எனக்கே சில சமயம் எரிச்சல் வரும். ஆனால் ஒரு காரியம் செய்தார். ஐரோப்பாவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெயர்களைத் தேடி அலையாமல், இங்கே சண்டவுன்ஸ், பைரேட்ஸ் என்ற உள்ளூர்க் கிளப்புகளில் வாராவாரம் சேர்ந்து ஆடுகிறவர்களைக் கூட்டமாக எடுத்து, அவர்களையே திரும்பத் திரும்ப ஆட வைத்தார். 2024 ஜனவரியில் ஐவரி கோஸ்ட்டின் சான் பெட்ரோவில் மொராக்கோவை 2-0 என்று வென்றபோது, நான் கெய்ரோவை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அடுத்த ஆட்டத்தில் கேப் வெர்டுக்கு எதிராக எங்கள் கோல்கீப்பர் ரான்வென் வில்லியம்ஸ் நான்கு பெனால்டிகளைத் தடுத்தார். அப்போதும் மூடிக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாம் இடத்தோடு திரும்பி வந்தார்கள். வாய் கொஞ்சம் திறந்தது.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அபிஜான் என்ற பெயர் எங்கள் வீட்டில் ஏன் காதில் விழுந்தவுடன் எல்லோரையும் திரும்ப வைக்கிறது என்பது புரியாது.

அப்பா பிறந்தது மேகஸின் பேரக்ஸில். டர்பன் நகராட்சியில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களுக்கான குடியிருப்பு அது, பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும். 1950-இல் வந்த குழுப்பகுதிச் சட்டம் யார் எங்கே குடியிருக்கலாம் என்று நிறத்தைப் பார்த்துப் பிரித்தது. 60-களில் அங்கிருந்தவர்களை எல்லாம் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். தெருக்களுக்குப் பெயர்கூட வைக்கவில்லை, எண்தான். அப்பாவுக்குக் கிடைத்தது ஓர் எண்ணும், தாத்தாவுக்கு வேலைக்குப் போக இரண்டு பஸ்ஸும், எல்லோருக்கும் சேர்த்து ஒரு கால்பந்து அணியும். மானிங் ரேஞ்சர்ஸ். 1928-இல் டர்பன் இந்தியர்கள் ஆரம்பித்த அணி. பிற்காலத்தில் சாட்ஸ்வொர்த் ஸ்டேடியம்தான் அதன் வீடு.

அந்த அணி 1996-97-இல் என்ன செய்தது தெரியுமா? இப்போதைய பிரிமியர் சாக்கர் லீக் தொடங்கிய முதல் பருவம் அது. கைசர் சீஃப்ஸ், ஆர்லாண்டோ பைரேட்ஸ் என்று நாடே இரண்டாகப் பிரிந்து கும்பிடும் அணிகளை எல்லாம் பின்னே தள்ளி, கார்டன் இகெஸண்ட் பயிற்சியில், மானிங் ரேஞ்சர்ஸ் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தது. அந்த லீக்கின் முதல் சாம்பியன் சாட்ஸ்வொர்த் அணி. இதை இன்றைக்கு இருபது வயதுப் பையன்களிடம் சொன்னால் நான் கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

அந்தப் பருவத்தில் ஒரு வெளியூர் ஆட்டத்துக்கு நாங்கள் போனோம். ஜோகன்னஸ்பர்க். அப்பாவின் ஆலை நண்பர் ஒருவரின் கோம்பி வேன். அம்மா விடிய மூன்று மணிக்கு எழுந்து ரொட்டி சுட்டு, உருளைக்கிழங்குக் கறியை வைத்துச் சுருட்டி, ஃபாயிலில் கட்டினார். ஒரு டஜன் அவித்த முட்டை. உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த ஒரு பொட்டலம். என்3 நெடுஞ்சாலையில் 550 கிலோமீட்டருக்கு மேல். மூயி ரிவரைத் தாண்டும்போதே நான் தூங்கிவிட்டேன். வான் ரீனன்ஸ் கணவாயில் மூடுபனியில் வேன் ஊர்ந்தபோதுதான் விழித்தேன். மேலே ஏறினால் ஃப்ரீ ஸ்டேட் மாகாணம், முதல் ஊர் ஹாரிஸ்மித்.

அங்கே நிறுத்தச் சொன்னார் அப்பா. எல்லோரும் அவசரத்தில் இருந்தோம், ஆட்டத்துக்கு நேரமாகிறது. அவர் இறங்கி, சாலையோர சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு முட்டையை எடுத்து மெதுவாக உரிக்க ஆரம்பித்தார். ஓட்டை ஒரு துணுக்கு விடாமல். உப்பைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார். அப்புறம் இன்னொன்று. ஃப்ளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தார். நண்பர் ஹார்ன் அடித்தார். அப்பா கை காட்டினார், இரு என்று.

ரொம்ப நாள் கழித்துத்தான் அதைக் கேட்டேன். ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியர்கள் குடியிருக்கக் கூடாது என்று 1891-இலேயே சட்டம். 1980-களின் நடுப்பகுதி வரை அது இருந்தது. 1975 வரை மாகாண எல்லையைத் தாண்டுவதற்கே அனுமதிச் சீட்டு வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில் கல்யாணமோ சாவோ, ஆட்டமோ, ஃப்ரீ ஸ்டேட்டில் நிற்காமல் ஓட்டிக்கொண்டே போக வேண்டும், ராத்தங்கக் கூடாது. அப்பா சின்ன வயதில் தாத்தாவோடு அந்த வழியில் ஒருமுறை போயிருக்கிறார். ஹாரிஸ்மித்தில் வயிறு கலக்கியதாம். தாத்தா வண்டியை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு நான் முட்டை சாப்பிடல பாப்பா. உக்காந்தேன், அவ்வளவுதான்" என்றார்.

அந்த ஆட்டத்தை ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றோம். கோல் எப்படி விழுந்தது என்பது எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. சத்தம்தான் நினைவிருக்கிறது, அல்லது சத்தம் இல்லாதது. சொந்த மைதானத்தில் கோல் விழுந்தால் நம்ம குரல் நமக்கே கேட்காது, கூட்டத்தில் கரைந்துவிடும். வெளியூரில் அப்படி இல்லை. பெரிய அரங்கம் சட்டென்று அமைதியாகிவிடும். அதில் ஒரு மூலையில் நாற்பது ஐம்பது பேர் கத்திக்கொண்டிருப்போம். அம்மாவின் குரல் தனியாக, அப்பாவின் நண்பர் விசில் தனியாக, என் குரல் தனியாகக் கேட்டது. என் குரல் அவ்வளவு கீச்சென்று இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சுற்றியிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். கோபமாக இல்லை. 'இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?' என்பது போல. ஒருவர் சிரித்துக்கொண்டே என் கையில் இருந்த ரொட்டிச் சுருளைக் காட்டி ஏதோ கேட்டார். அப்பா ஜூலுவில் பதில் சொல்லி, பாதியைக் கொடுத்தார்.

(என் தம்பி மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அணி. அவனுக்கு உள்ளூர் வெளியூர் எல்லாம் டிவியில் மேலே எழுதிக் காட்டுவதுதான். அவனோடு இதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.)

சாம்பியன் ஆனதால் மானிங் ரேஞ்சர்ஸுக்கு ஆப்பிரிக்கச் சாம்பியன்ஸ் லீக்கில் இடம் கிடைத்தது. 1998-இல் குழு ஆட்டங்கள் வரை போனார்கள். அந்தக் குழுவில் இருந்த ஓர் அணி அபிஜானின் அசெக் மிமோசாஸ். அந்த ஆண்டுக் கோப்பையை வென்றதும் அவர்கள்தான். சாட்ஸ்வொர்த் பையன்கள் அபிஜானுக்கு விமானம் ஏறினார்கள் என்பதே எங்கள் தெருவுக்குப் பெரிய செய்தி. ஆயா அட்லஸைக் கொண்டுவரச் சொல்லி, கடலோரத்தில் அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தார். "நம்ம ஊரு கப்பல் அந்தப் பக்கமா வரலியே" என்றார். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைக் கொண்டுவந்து டர்பனில் இறக்கியது, கரும்புத் தோட்டத்துக்கு. அது வந்த வழி கிழக்கு. அபிஜான் மேற்கு. ஆயாவின் பூகோளம் சரிதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1921-22-இல் தென்னாப்பிரிக்க இந்தியர்களின் கால்பந்து அணி ஒன்று இந்தியாவுக்கே சுற்றுப்பயணம் போயிருக்கிறது, கிறிஸ்டோபர்ஸ் கன்டிஞ்சன்ட் என்ற பெயரில். கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் கப்பல் ஏறி இந்தியாவில் போய் ஆடினார்கள், வெளியூர் அணியாக. தாத்தா பாட்டி புறப்பட்ட நாடு அவர்களுக்கு அயலூர். இதைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

சரி, மானிங் ரேஞ்சர்ஸ் என்ன ஆனது? ஆதரவு தேய்ந்தது, பணம் தேய்ந்தது, கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது, பிறகு உரிமை கைமாறி கேப் பக்கம் போய்விட்டது. இப்போது அப்படி ஓர் அணி இல்லை. சாட்ஸ்வொர்த் ஸ்டேடியம் இருக்கிறது. அவ்வளவுதான், இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. சொந்த அணி போனவளுக்கு மிச்சம் இருப்பது நாட்டின் அணி. அதற்கு டர்பன் எப்போதாவது வந்து போகும் ஊர்.

இந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று அந்த விஷயத்தில் ஒரு வேடிக்கை காட்டியது. நமக்கு ஐந்து வெளியூர் ஆட்டங்கள். ருவாண்டாவில் ஒன்று, 2-0 என்று தோற்றோம். நைஜீரியாவின் ஊயோவில் ஒன்று, 1-1. மற்ற மூன்று நாடுகளின் மைதானங்களுக்கு ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் அனுமதி இல்லை. அதனால் பெனின் தன் 'உள்ளூர்' ஆட்டத்தை அபிஜானில் நடத்தியது. லெசோத்தோ தன்னுடையதை எங்கள் ப்ளூம்ஃபோன்டைனில். ஜிம்பாப்வே? டர்பனில், எங்கள் மோசஸ் மபீடா அரங்கத்தில்!

2025 அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை. என் வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் ஒரு வெளியூர் ஆட்டம். புரட்டாசி மாதம். இங்கே தமிழ் வீடுகளில் புரட்டாசி முழுக்கக் கறி மீன் கிடையாது, அதில் எந்தச் சமரசமும் இல்லை. அதனால் அரங்கத்துக்குப் போகும் வழியில் பீன்ஸ் பன்னி சௌ வாங்கிக்கொண்டோம். ரொட்டியின் நடுவைக் குடைந்து குழம்பை ஊற்றித் தரும் எங்கள் ஊர்ச் சாப்பாடு. மட்டன் பன்னி கிடைக்காத அப்பா போகும் வழியெல்லாம் முனகினார். எங்களுக்கு முன்வரிசையில் ஒரு ஜிம்பாப்வே குடும்பம், பத்து வருஷமாக டர்பனில் இருக்கிறார்களாம். பையன் டர்பனிலேயே பிறந்தவன். அவனுக்கு இது உள்ளூரா வெளியூரா? அவன் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்து நாக்கை நீட்டினான். நான் ஜோகன்னஸ்பர்க்கில் நின்ற நாளை நினைத்துக்கொண்டேன். ஆட்டம் 0-0. பார்க்கச் சகிக்கவில்லை.

அந்த 0-0 ஏன் வயிற்றைக் கலக்கியது என்றால், அதற்குப் பதினோரு நாள் முன்னே செப்டம்பர் 29 அன்று ஃபிஃபா எங்களிடமிருந்து 3 புள்ளிகளைப் பிடுங்கியிருந்தது. மார்ச் 21 அன்று பொலொக்வானேயில் லெசோத்தோவை 2-0 என்று வென்ற ஆட்டத்தில் டெபோஹோ மொகோயெனா ஆடினார். அவர் பெயரில் ஏற்கனவே இரண்டு மஞ்சள் அட்டைகள். அந்த ஆட்டத்தில் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டியவர். யாரும் கணக்குப் பார்க்கவில்லை. வெற்றி 3-0 தோல்வியாக மாறியது. மஞ்சள் அட்டையை எண்ணுவதற்கு இரண்டு விரல் போதும். அப்பா அன்றைக்குத் தமிழில் பேசியதை நான் இங்கே எழுத முடியாது.

17 புள்ளிகள் 14 ஆகின. பெனினும் 14, கோல் வித்தியாசத்தில் அவர்கள் மேலே. ஜிம்பாப்வேயோடு டிரா ஆனதும் நாம் 15, பெனின் 17. கடைசி நாள் அக்டோபர் 14, மபோம்பேலாவில் ருவாண்டாவை நாம் 3-0 என்று வென்றோம். அதே நேரத்தில் ஊயோவில் நைஜீரியா பெனினை 4-0 என்று நொறுக்கியது. நாம் 18. பெனின் 17. நைஜீரியா 17. நடத்தும் நாடு என்ற சலுகையில் ஆடிய 2010-ஐ விட்டுவிட்டால், 2002-க்குப் பிறகு முதல்முறையாக உலகக் கோப்பை.

எல்லோரும் ருவாண்டா ஆட்டத்தைக் கொண்டாடினார்கள். நைஜீரியாவுக்கு நன்றி சொன்னார்கள். நான் அன்றிரவு ஒரு பழைய மின்கட்டண ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அபிஜானில் அந்தச் செவ்வாய்க்கிழமை ஃபாஸ்டரும் ஆடம்ஸும் அடிக்காமல், ஆட்டம் 0-0 என்று முடிந்திருந்தால்? நமக்கு 16. பெனினுக்கு 18. அவர்கள் போயிருப்பார்கள், நாம் டிவி பார்த்துக்கொண்டிருப்போம். எங்கள் நிர்வாகம் தொலைத்த 3 புள்ளிகளையும் தாங்கிக்கொண்டு மிச்சம் நின்றது, யாரும் ஹார்ன் அடிக்காத, வேலி தாண்டாத, அந்த ஓர் ஆட்டம்.

ரசீதை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன்ல, நல்லா இருந்துச்சுன்னு" என்றார்.

போன வாரம் குலுக்கல் நடந்தது. 2026 ஜூன் 11, உலகக் கோப்பையின் முதல் ஆட்டம், மெக்சிகோவுக்கு எதிராக, மெக்சிகோ சிட்டியின் அஸ்டெக்கா அரங்கத்தில். 2010-இலும் இதே ஜூன் 11, இதே இரண்டு அணிகள்தான் முதல் ஆட்டம். அப்போது சாக்கர் சிட்டியில் சிபிவே ட்ஷபலாலா அடித்த கோலுக்கு நாடே எழுந்து நின்றது, 1-1 என்று முடிந்தது. இப்போது திருப்பிப் போட்டிருக்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே, அவர்கள் ஊரில், அவர்கள் கூட்டத்துக்கு நடுவில். இதைவிட அசலூர் ஒன்று இருக்க முடியாது. நம்ம ஆட்கள் எத்தனை பேர் அங்கே போய்ச் சேருவார்கள்? ஒரு மூலையில் சில நூறு பேர் இருப்பார்களா? கோல் விழுந்தால் ஒவ்வொரு குரலும் தனித்தனியாகக் கேட்கும்.

இங்கே அப்போது இரவு ஒன்பது மணி. குளிர்காலம். தம்பி புதிதாகப் பெரிய டிவி வாங்கித் தருகிறேன் என்கிறான், இன்டர்நெட்டில் வருவது, இன்னும் துல்லியமாம். அது ரேடியோவுக்கு அரை நிமிடம் பின்னால் வரும் என்று கேள்விப்பட்டதிலிருந்து அப்பாவுக்கு ஒரே குஷி. அரை நிமிடம் முன்னாலேயே தெரிந்துவிடுமே. ரேடியோவுக்குப் புது பேட்டரி வாங்கி இப்போதே அலமாரியில் வைத்துவிட்டார். நேற்று காலண்டரை எடுத்து ஜூன் மாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுப்படியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"புரட்டாசி இல்ல. மட்டன் வாங்கலாம்."